அழைப்பதற்குத்தானே பெயர்: ஞானஸ்நானத்துக்குக் குழந்தையைக் கொண்டுவரும் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள இளம் தாய்மார்களே, தகப்பன்மார்களே,

உங்கள் பிள்ளைக்கு இரண்டு பெயர் வைக்கிறீர்கள். ஒன்று பிறப்புச் சான்றிதழுக்கு. மாதக்கணக்கில் தேடி, இருவீட்டாரிடமும் கேட்டு, ஓசை பார்த்து, முதலெழுத்துப் பார்த்து வைக்கும் பெயர் அது. வீட்டிலும் பள்ளியிலும் அதைச் சொல்லித்தான் அழைக்கப் போகிறீர்கள். இன்னொன்று கோயில் பதிவேட்டுக்கு. ஞானஸ்நானத்துக்கு முந்தின நாள் மாலை பங்கு அலுவலகத்தில் படிவத்தை நிரப்பும்போது, புனிதர் பெயர் என்ற இடத்துக்கு வந்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறீர்கள். பக்கத்தில் பாட்டி இருந்தால் "அந்தோணின்னு போடுங்க" என்கிறார். போட்டாயிற்று. அந்தப் புனிதருக்கும் உங்கள் பிள்ளைக்கும் உள்ள உறவு பெரும்பாலும் அன்றோடு சரி. புதுநன்மைக்கோ, திருமண ஓலைக்கோ சான்றிதழ் வாங்கப் போகும் நாளில்தான் அந்தப் பெயர் மறுபடி வெளியே வருகிறது.

நான் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு எடுப்பவள். "உன் பெயர்கொண்ட புனிதர் யார்?" என்று பிள்ளைகளைக் கேட்பது என் வழக்கம். பாதிப் பேர் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். "எனக்கு அப்படி யாரும் இல்ல, டீச்சர்" என்றாள் ஒரு சிறுமி. பதிவேட்டைப் புரட்டினால் அவள் பெயருக்குப் பக்கத்தில் தெரசா என்று இருக்கிறது. எந்தத் தெரசா? அவிலாவின் தெரசாவா, லிசியுவின் குழந்தை தெரசாவா, கொல்கத்தாவின் தெரசாவா? எழுதிக்கொடுத்த பெற்றோருக்கும் தெரியவில்லை. இந்த மடலை எழுத வைத்தது அவளுடைய அந்தப் பதில்தான்.

உங்களை யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1917-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, பெற்றோர் கிறிஸ்தவப் பெயர் வைக்காவிட்டால் பங்குக்குருவே ஒரு புனிதரின் பெயரைச் சேர்த்து, இரண்டையும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்றது. இன்று நீங்கள் செய்யும் இரண்டுபெயர் ஏற்பாடு அந்தக் காலத்தின் மிச்சம். 1983-இல் வந்த புதிய தொகுப்பில் அந்தக் கட்டாயம் இல்லை. கிறிஸ்தவ உணர்வுக்கு ஒவ்வாத பெயராக இருக்கக் கூடாது என்பதைப் பெற்றோரும் ஞானப்பெற்றோரும் பங்குக்குருவும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மட்டுமே 855-ஆம் பிரிவு சொல்கிறது. இனியன், யாழினி, அன்புச்செல்வி என்ற பெயர்களில் தாராளமாக ஞானஸ்நானம் கொடுக்கலாம். அப்படி வைப்பவர்கள்மேல் எனக்கு வருத்தமே இல்லை. கேட்டால் தருவது, தந்துவிட்டு மறப்பது என்ற இந்த அரைகுறைதான் எனக்கு வருத்தம். புனிதரின் பெயர் வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லலாம். வைத்தால், பிள்ளையை அந்தப் பெயரால் கூப்பிட வேண்டும்.

உங்கள் தாத்தா பாட்டிகளின் பெயர்களை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். சவரிமுத்து, சந்தியாகு, ராயப்பன், சின்னப்பன், அருளப்பன், யாகப்பன், இன்னாசியம்மாள், சூசையம்மாள், மிக்கேலம்மாள், மதலேனாள். இவை கடல்கடந்து வந்த பெயர்கள் என்றால் நம்ப முடிகிறதா? பிரான்சிஸ் சேவியர் முத்துக்குளித்துறைக்கு வந்தது 1542-இல். அவருடைய பெயர் நம் வாயில் சவரியாகி, முத்து சேர்ந்து சவரிமுத்தாகி, கடற்கரையை விட்டு உள்நாட்டுக்குப் போய் வயலில் இறங்கி ஏர் பிடித்தது. லொயோலாவின் இஞ்ஞாசியார் இன்னாசியானார். ஸ்பெயின் நாட்டின் சந்தியாகு இராமேசுவரம் தீவில் சந்தியாகப்பர் ஆனார். ஆண் புனிதரின் பெயர் பெண்பிள்ளைக்கு ஆகாது என்று நம் முன்னோர் ஒதுக்கவில்லை. அம்மாள் சேர்த்தார்கள், முடிந்தது. இந்தப் பெயர்களை இப்படித் தமிழாக்கியது எந்தக் குழுவும் இல்லை. படிக்காத நம் மக்கள், அழைத்து அழைத்தே ஆக்கினார்கள். அழைக்காமல் பதிவேட்டில் விட்டிருந்தால் சவரிமுத்து என்று ஒரு பெயரே தமிழில் இருந்திருக்காது.

பெயரைக் கேட்டாலே எந்த மண்ணின் வேண்டுதல் என்று தெரியும் காலம் ஒன்று இருந்தது. ஆரோக்கியசாமி, ஆரோக்கியமேரி என்றால் வேளாங்கண்ணி. அடைக்கலம் என்றால் ஏலாக்குறிச்சி. பெரியநாயகம் என்றால் கோணான்குப்பம். பனிமயம் என்றால் தூத்துக்குடி. அருளானந்து என்றால் ஓரியூர். 1693 பிப்ரவரி 4 அன்று அங்கே தலை வெட்டுண்டு இறந்த ஜான் டி பிரிட்டோவைத் தமிழர்கள் அருளானந்தர் என்றுதான் அழைத்தார்கள். லூர்து, பாத்திமா, சலேத் என்று மாதா காட்சி தந்த ஊர்களின் பெயர்களையே பிள்ளைகளுக்கு வைத்தோம். பிரான்சின் மலையூரான சலேத், கொடைக்கானல் வழியாக நம் வீட்டுப் பெண்ணின் பெயரானது.

இந்தப் பெயர்களின் அடியில் பெரும்பாலும் ஒரு தாயின் கண்ணீர் இருக்கிறது. அம்மையிலும் காய்ச்சலிலும் பிள்ளைகள் போய்க்கொண்டிருந்த நாட்களில், பிழைத்தால் உன் பேரை வைக்கிறேன் என்று நேர்ந்துகொண்டார்கள். பிள்ளை பிழைத்தது, பெயர் வைத்தார்கள். பிற சமயத்துக் குடும்பங்களிலும் வேளாங்கண்ணி என்றும் அந்தோணி என்றும் பெயருள்ளவர்களைப் பார்த்திருப்பீர்கள். அதே நேர்ச்சைதான். இன்றைக்கும் குழந்தை வேண்டி வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறீர்கள். சிகிச்சை எடுக்கும்போதே அந்தோணியாருக்குச் செவ்வாய்க்கிழமை நவநாள் சொல்கிறீர்கள். பிறந்தபின், சான்றிதழில் போட்டால் பழசாக இருக்கும், கோயிலில் மட்டும் வைத்துக்கொள்வோம் என்கிறீர்கள். வாக்குக் கொடுத்தபோது அப்படிச் சொல்லிக் கொடுக்கவில்லையே.

வீட்டில் ஒன்று, வெளியில் ஒன்று என்று பெயர் வைப்பது நம் வழக்கம்தானே என்று கேட்பீர்கள். ஆம், இருந்தது. பேரனுக்குத் தாத்தா பெயர். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்பதால், அவள் தன் பிள்ளையை ராசா என்றோ தம்பி என்றோ கூப்பிட்டாள். ஆனால் ஊரும் பள்ளிக்கூடமும் அவனைச் சந்தியாகு என்றே அழைத்தன. செல்லப்பெயர் வீட்டுக்குள் இருந்தது, புனிதரின் பெயர் தெருவில் நடமாடியது. நீங்கள் அதைத் தலைகீழாக்கிவிட்டீர்கள்.

புனிதரின் பெயர் எதற்கு என்ற கேள்விக்கு என்னிடம் உள்ள பதில் தேவசகாயம். நட்டாலத்தில் 1712-இல் பிறந்த நீலகண்டன், திருவிதாங்கூர் அரசின் அலுவலர். 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். லாசர் என்ற பெயரைத் தமிழில் ஆக்கி அவருக்குத் தேவசகாயம் என்று இட்டார்கள். அவர் மனைவி பார்கவி, ஞானப்பூ ஆனார். உயர்ந்த சாதி என்று சொல்லப்பட்ட வீட்டில் பிறந்தவர், அந்தப் பெயரை ஏற்றபின் எல்லாரோடும் சமமாகப் பழகினார். சிறை, சாட்டையடி, ஊர் ஊராக அவமதிப்பு எல்லாம் பட்டார். 1752 சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். குடும்பத்தில் வாழ்ந்த ஒரு பொதுநிலையினர், நம் மண்ணில் பிறந்தவர், நம் மொழியில் பெயர் பெற்றவர்.

அவர் பெயருக்கு நேர்ந்த இன்னொன்றையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நெடுங்காலம் அந்தப் பெயரோடு ஒரு சாதிப் பட்டம் சேர்த்தே எழுதப்பட்டு வந்தது. புனிதர் பட்டத்துக்கு முன்பு அதை நீக்க வேண்டும் என்று நம்மவர்கள் கடிதம் எழுதிக் கேட்டார்கள். உரோமை நீக்கியது. இன்று பலிபீடத்தில் அவர் தேவசகாயம் மட்டும்தான். புனிதரின் பெயர் தமிழ் மண்ணில் செய்திருக்க வேண்டிய வேலை இதுவே: பெயரைக் கேட்டுச் சாதி கண்டுபிடிக்க முடியாமல் செய்வது. இரண்டு தெருவிலும் அந்தோணி, இரண்டு தெருவிலும் ஆரோக்கியம். ஆனாலும் கல்லறைத் தோட்டத்தில் சுவர் எழுப்பியவர்களாகத்தான் நாம் இருந்திருக்கிறோம். சுவரின் இரண்டு பக்கத்துக் கல்லறைகளிலும் ஒரே புனிதரின் பெயர் பொறித்திருக்கும். அந்தப் பெயரின் பொருளை நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்காததால் வந்த வினை அது.

இங்கே, உங்களில் ஒரு பகுதியினரிடம் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். தலித் கிறிஸ்தவப் பெற்றோரே, சான்றிதழில் எந்தப் பெயர் எழுதுவது என்பது உங்களுக்கு ரசனை சார்ந்த கேள்வி இல்லை என்பதை அறிவேன். 1950-ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை இந்துக்களுக்கு என்று வந்தது. சீக்கியர்களை 1956-இலும் பௌத்தர்களை 1990-இலும் சேர்த்துக்கொண்டது. கிறிஸ்தவர்களை இன்றுவரை வெளியில் நிறுத்தியிருக்கிறது. பெயர் மட்டுமே சட்டப்படி எதையும் தீர்மானிப்பதில்லை. ஆனாலும் சூசை என்றோ மேரி என்றோ எழுதியதைப் பார்த்ததுமே எதிரில் இருப்பவரின் கேள்வி தொடங்கிவிடுகிறது. வாடகைக்கு வீடு தேடும்போதும் அப்படியே. அந்த அநீதியைச் சுமப்பவர்களிடம் வந்து, நீங்கள் புனிதரை மறைத்துவிட்டீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. சான்றிதழைப் பற்றி நான் சொல்லும் எதுவும் உங்களுக்கு இல்லை. வீட்டில், அடுப்படியில், இரவு செபமாலை முடிந்து பிள்ளையின் நெற்றியில் சிலுவை வரையும்போது அந்தப் பெயரைச் சொல்லுங்கள். அதுவே போதும்.

மற்றவர்கள் சொல்லும் காரணம் வேறு. சந்தியாகு பட்டிக்காட்டுப் பெயர், வகுப்பில் கேலி செய்வார்கள், வெளிநாடு போனால் வாயில் நுழையாது என்கிறீர்கள். ஆதிரை, நன்முல்லை, இளமாறன் ஆகிய பெயர்களை என் தலைமுறைப் பள்ளி வருகைப்பதிவில் காண்பது அரிது. தமிழ்மேல் பற்றுள்ள பெற்றோர் கூச்சப்படாமல் வைத்தார்கள். இன்று அவை அழகான பெயர்கள். பெயர் பழசாவதும் புதிதாவதும் வைக்கிறவரின் துணிச்சலைப் பொறுத்தது. வெளிநாட்டார் வாயில் நுழையாது என்று தமிழ்ப் பெயரை விடுகிறவர்கள், சேவியரும் இஞ்ஞாசியாரும் நம் வாயில் நுழைய நாம் எவ்வளவு இடம் கொடுத்தோம் என்பதையும் நினைக்க வேண்டும்.

சுருக்கமான, இனிய பெயர்தான் வேண்டும் என்றால் அதற்கும் நம்மிடம் குறைவில்லை. வீரமாமுனிவர் 1726-இல் முடித்த தேம்பாவணியின் தலைவன் சூசையப்பர். அவருக்கு அந்தக் காப்பியத்தில் வளன் என்று பெயர். ஸ்நாபக அருளப்பருக்குக் கருணையன் என்று பெயர். கருணையன் தன் தாய்க்காக அழும் பகுதியை உங்களில் பலர் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் படித்திருப்பீர்கள். முந்நூறு ஆண்டுப் பழமை உள்ள வளன் என்ற பெயரை இன்று ஒரு குழந்தைக்கு வைத்தால், அது நேற்றுப் பிறந்த பெயர்போல் ஒலிக்கிறது. ஞானப்பூ என்று ஒரு பெண்குழந்தையைக் கூப்பிட்டுப் பாருங்கள். அருள், அமலன், அமலி, சகாயம், அன்னம், தேவா என்று எத்தனை இருக்கின்றன! மரியா என்றோ அந்தோணி என்றோ அப்படியே வைப்பதானாலும் நல்லதே. ஆங்கில உச்சரிப்பில் ஆண்டனி என்றால்தான் மதிப்பு என்ற எண்ணத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

ஆனால் ஓசையைப் பார்த்தே புனிதரைத் தேர்ந்தெடுத்தால், பதிவேட்டுப் பெயருக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. பெயர்ப் பட்டியலை மூடிவைத்துவிட்டு வாழ்க்கைகளைப் படியுங்கள். சூடானில் சிறுமியாக இருந்தபோது கடத்தி விற்கப்பட்டவர் பகீதா. பட்ட துன்பத்தில் தாய்தகப்பன் வைத்த பெயரே அவருக்கு மறந்துபோனது. பகீதா என்பது அடிமை வணிகர்கள் இட்ட பெயர். இத்தாலியில் விடுதலை பெற்று, 1890-இல் ஞானஸ்நானத்தில் ஜோசபின் ஆனார், 2000-இல் புனிதரானார். தன் பெயரை இழந்த ஒரு பெண்ணின் பெயரை உங்கள் மகளுக்கு வைத்தால், அவள் வளர்ந்தபின் எந்த மனிதரையும் பெயரில்லாதவராகப் பார்க்க மாட்டாள் என்று நம்புகிறேன்.

பெரு நாட்டின் மார்ட்டின் டி போரஸ் 1579-இல் லீமாவில் பிறந்தார். தாய் அடிமைத்தனத்திலிருந்து விடுதலை பெற்ற கறுப்பினப் பெண், தகப்பன் ஸ்பானியர். அவருடைய ஞானஸ்நானப் பதிவேட்டில் தகப்பன் பெயர் இல்லை. தகப்பன் அறியப்படாத பிள்ளை என்றே எழுதினார்கள். நிறத்தால் மடத்தில் வேலையாளாகத்தான் முதலில் சேர முடிந்தது. நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தே வாழ்ந்தார். 1962-இல் திருச்சபை அவரைப் புனிதர் என்றது. பதிவேடு யாரை எப்படி எழுதினாலும், ஒருவர் யார் என்பதை அதுவா முடிவு செய்கிறது? தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய் உங்களில் யாராவது இருந்தால், உங்கள் மகனுக்கு இந்தப் பெயரை நினைத்துப் பாருங்கள்.

பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் போய், துபாயிலோ சிங்கப்பூரிலோ பிள்ளை பெற்றிருக்கிறீர்களா? பச்சைக் குழந்தையையும் தாயையும் அழைத்துக்கொண்டு எகிப்துக்குப் போன தச்சர் சூசையப்பர் உங்களுக்கு அந்நியரா? மகனுக்காக ஆண்டுக்கணக்கில் அழுத மோனிக்காவை அறியாத தாய் உண்டா? இந்தக் காலத்துப் பிள்ளைதான் வேண்டும் என்றால், 1991-இல் பிறந்து பதினைந்து வயதில் இரத்தப்புற்றால் இறந்த கார்லோ அக்குதிஸ் இருக்கிறார். கணினியில் தேர்ந்த அந்தப் பையன் 2025 செப்டம்பரில் புனிதரானான். உங்கள் வாழ்க்கை எங்கே வலிக்கிறதோ, எங்கே நன்றி சொல்கிறதோ, அந்த இடத்தில் நின்று தேடினால் உங்களுக்கான புனிதர் கிடைப்பார்.

ஒன்றைச் சொல்லத் தயங்குகிறேன், ஆனாலும் சொல்ல வேண்டும். எண் கணிதம் பார்த்து எழுத்தைக் கூட்டியும் குறைத்தும் பெயர் வைக்கும் பழக்கம் நம் பங்குகளிலும் புகுந்துவிட்டது. கோயிலில் ஞானஸ்நானம், அதற்கு முன்னே கூட்டுத்தொகை. வாழ்ந்து காட்டிய ஒரு மனிதரின் பெயரை வைப்பதும், எழுத்துகளின் கூட்டுத்தொகையில் பிள்ளையின் எதிர்காலத்தைத் தேடுவதும் ஒரே நம்பிக்கையில் சேராது. இரண்டில் ஒன்றை விடுங்கள்.

பாட்டி தாத்தாக்களே, உங்களிடமும் ஒரு வேண்டுகோள். பெயரை வற்புறுத்தாதீர்கள். அந்தப் பெயரின் கதையைச் சொல்லுங்கள். எந்தக் காய்ச்சலில், எந்தக் கோயிலில் நேர்ந்து உங்களுக்கு அடைக்கலம் என்று வைத்தார்கள் என்பதை உங்கள் மருமகள் கேட்டதே இல்லாமல் இருக்கலாம். கேட்டால், அவளே அந்தப் பெயரைக் கேட்டு வாங்கிக்கொள்வாள்.

ஞானஸ்நானச் சடங்கு கோயில் வாசலில் ஒரு கேள்வியோடு தொடங்குகிறது. குழந்தைக்கு என்ன பெயர் இடுகிறீர்கள் என்று குரு கேட்கிறார். திருச்சபை உங்கள் பிள்ளையைப் பற்றிக் கேட்கும் முதல் கேள்வி அதுதான். எந்தப் பெயரை அங்கே உரக்கச் சொல்கிறீர்களோ, அதே பெயரால் மறுநாள் காலையிலும் பிள்ளையை எழுப்புங்கள். புனிதர்களின் மன்றாட்டுமாலையில் குழந்தையின் பெயர்கொண்ட புனிதரையும் சேர்த்துக் கூப்பிடச் சடங்குமுறையில் இடம் இருக்கிறது. முன்கூட்டியே பங்குத்தந்தையிடம் சொல்லிவையுங்கள்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். நாள் குறிப்பதற்கு முன், கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு புனிதரின் வாழ்க்கையையாவது முழுவதும் படியுங்கள். உங்களைத் தொட்டவரின் பெயரை, தமிழ் நாவுக்கு இசைந்த வடிவில், முதற்பெயராகவே வையுங்கள். ஆண்டுதோறும் அந்தப் புனிதரின் திருநாளில் பிள்ளையின் நாமத் திருவிழாவைக் கொண்டாடுங்கள். தேவசகாயத்துக்கு அது பொங்கலை ஒட்டி வரும் சனவரி 14, சவேரியாருக்கு டிசம்பர் 3, அந்தோணியாருக்கு சூன் 13. கேக்கும் அலங்காரமும் வேண்டாம். ஒரு மெழுகுவர்த்தி, ஒரு பாயசம், பிள்ளைக்குப் புரிகிற அளவில் அந்த வாழ்க்கையின் கதை, அவ்வளவு போதும். உங்களால் இயலுமானால் சான்றிதழிலும் அதே பெயரை எழுதுங்கள். பெயர் குறிப்பிடாமல் பிறப்பைப் பதிவு செய்திருந்தால், பதிவு செய்த நாளிலிருந்து 12 மாதங்களுக்குள் கட்டணம் இல்லாமல் பெயரைச் சேர்க்கலாம். அவசரப்படாமல் படித்து முடிவு செய்ய அந்தக் காலம் உங்களுக்குப் போதும்.

அன்புடன்,
உங்கள் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லித்தரும் ஆசிரியை